டோனி க்வின்: பேட்டர், அப்புறம் கல்லூரிப் பயிற்சியாளர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் பேச்சு வந்தால் எல்லாரும் பேப் ரூத்தில் ஆரம்பிப்பார்கள், நான் டோனி க்வினில்தான் ஆரம்பிப்பேன். கேட்பவர்களில் பாதிப் பேர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், ஆனால் கொஞ்சம் சொன்னதும் கேள்வி மேல் கேள்வி வரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பேஸ்பால் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

யார் இந்த டோனி க்வின்?

1960 மே 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து, பக்கத்தில் லாங் பீச்சில் வளர்ந்தவர். அப்பா கிடங்கில் வேலை பார்த்தார், அம்மா தபால் துறையில். 1982-லிருந்து 2001 வரை 20 சீசன், ஒரே அணி: சான் டியேகோ பாட்ரெஸ். மொத்தம் 3,141 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸ் சேர்ந்த அடிகள்), சராசரி .338. அமெரிக்காவின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில், சீசனின் உயர்ந்த சராசரிக்குக் கிடைக்கும் பேட்டிங் பட்டம் 8 முறை. அந்த லீகில் இதே அளவு பட்டம் வாங்கிய இன்னொருவர் ஹோனஸ் வாக்னர் மட்டும்தான், அவர் 100 வருடத்துக்கு முந்தைய ஆள். ஓய்வுக்குப் பிறகு, தான் படித்த சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கே திரும்பிப் போய் 12 சீசன் பயிற்சியாளராக இருந்தார். 2014 ஜூன் 16 அன்று, 54 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

.338 என்றால் என்ன? எனக்கு கிரிக்கெட் சராசரிதான் தெரியும்.

இந்தச் சராசரியில் ரன் கணக்கே கிடையாது. பேட்டோடு போய் நின்றதில் எத்தனை முறை பந்தை அடித்து பேஸுக்கு (களத்தில் ஓடிப் போய் நிற்க வேண்டிய இடம்) பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார் என்ற விகிதம்தான் இது. பிட்சர் (பந்தை எறிபவர்) தப்பாக எறிந்து இலவசமாக பேஸ் கொடுத்தால் அது கணக்கில் வராது. ஆயிரத்துக்கு 300 தடவை, அதாவது .300 வந்தாலே ஊர் கொண்டாடும் பேட்டர். க்வின் முதல் வருடம் .289 அடித்தார், அதற்கப்புறம் 19 வருடமும் .300-க்குக் கீழே ஒரு தடவைகூட இறங்கவில்லை.

சராசரியைவிட என்னை அசரவைப்பது வேறொரு எண். 20 வருடத்தில் அவர் ஸ்ட்ரைக் அவுட் ஆனது, அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கிப் பந்தை அடிக்க முடியாமலே ஆட்டமிழந்தது, 434 முறை. இன்றைக்குப் பெரிய பெரிய பேட்டர்கள் ஒரே சீசனில் 150 முறை அப்படி ஆட்டமிழக்கிறார்கள். கிரெக் மேடக்ஸ் அந்தக் காலத்தின் மிகத் தந்திரமான பிட்சர், அவரை க்வின் 107 தடவை எதிர்கொண்டார், ஒரு தடவைகூட ஸ்ட்ரைக் அவுட் இல்லை. மேடக்ஸுக்கு எதிராக அவருடைய சராசரி .415.

பாஸ்கெட்பால் ஆடத்தான் கல்லூரிக்கு வந்தாராமே?

ஆமாம். பாஸ்கெட்பால் உதவித்தொகையில்தான் சான் டியேகோவுக்கே வந்தார், அணியின் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டாக. கூட ஆடுபவருக்குப் பந்தைக் கொடுத்துக் கூடையில் போட வைப்பதில் அந்தப் பல்கலைக்கழகத்தின் சாதனைகள் அவர் பேரில்தான் பதிவாயின, மொத்தம் 590 அசிஸ்ட். முதல் வருடம் பேஸ்பால் பக்கமே போகவில்லை. பேஸ்பால் பயிற்சியாளர் ஜிம் டீட்ஸ் இவரை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை; உடன் படித்த பாபி மீச்சம் போய்ச் சொன்ன பிறகுதான் வாய்ப்புக் கிடைத்தது.

தொழில்முறை அணிகள் புது ஆட்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது வழக்கம்; 1981 ஜூனில் ஒரே நாளில் இரண்டு ஆட்டத்திலும் இவரை எடுத்தார்கள். பேஸ்பாலில் பாட்ரெஸ் மூன்றாவது சுற்றில் எடுத்தது, பாஸ்கெட்பாலில் அப்போது சான் டியேகோவில் இருந்த கிளிப்பர்ஸ் பத்தாவது சுற்றில் எடுத்தது. இரண்டுமே உள்ளூர் அணிகள்! பாஸ்கெட்பால் ஆடியதால்தான் மணிக்கட்டும் காலும் அவ்வளவு வேகம் என்று அவரே சொல்வார். பிற்காலத்தில் உடம்பு கனத்த க்வினை மட்டும் பார்த்தவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் 1987-ல் அவர் திருடிய பேஸ்கள், அதாவது யாரும் அடிக்காமலே பிட்சரை ஏமாற்றி ஓடிப் பிடித்த பேஸ்கள், 56.

சின்ன வயசுக் கதை ஒன்று. லாங் பீச் வீட்டின் பின்பக்கம் அண்ணன் தம்பி மூன்று பேரும் காலுறையைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, அதையே பந்தாக்கி ஆடுவார்கள். அவ்வளவு சின்னதான, ஒழுங்கில்லாமல் வளையும் பந்தை அடித்துப் பழகிய கைக்கு நிஜப் பந்து பெரிதாகத்தான் தெரிந்திருக்கும். தம்பி கிறிஸும் பெரிய லீக் வரை வந்தார். 1996-ல் சீசனின் கடைசி நாள், வழக்கமான 9 இன்னிங்ஸையும் தாண்டி 11-வது இன்னிங்ஸில் அவர் அடித்த டபிள்தான் (இரண்டாம் பேஸ் வரை ஓடவைக்கும் அடி) பாட்ரெஸுக்குப் பிரிவுப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது.

அவர் அடிக்கும் முறையில் அப்படி என்ன விசேஷம்?

பேஸ்பால் களத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. மூன்றாம் பேஸில் நிற்பவர் 5, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. இருவருக்கும் நடுவே இருக்கும் சந்தை க்வின் 5.5 என்பார், காலணியிலேயே அதை எழுதி வைத்திருந்தார். அவர் இடது கை பேட்டர். இடது கைக்காரர்கள் பந்தை இழுத்து வலது பக்கம் அடிப்பதுதான் வழக்கம், அதில்தான் பலம் அதிகம். இவர் பந்து நன்றாக உள்ளே வரும்வரை பொறுத்திருந்து, கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்பி எதிர்ப்பக்கம் அந்தச் சந்துக்குள் தட்டிவிடுவார். எங்கே அடிக்கப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் பந்து அந்த வழியாகவே போய்விடும். பேட்டும் சின்னது, சுமார் 31 அவுன்ஸ், அதாவது 880 கிராம்தான்.

ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடிக்கத் தெரியாதவர் என்று சிலர் சொல்வதுண்டு, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மொத்தம் 135 ஹோம் ரன்தான், உண்மை. ஆனால் சான் டியேகோவிலேயே வளர்ந்த பழம்பெரும் பேட்டர் டெட் வில்லியம்ஸ் 1992-ல் இவரைப் பிடித்து, உடம்புக்குக் கிட்டே வரும் பந்தை ஏன் இழுத்து அடிப்பதில்லை என்று கேட்டார். க்வின் அதை யோசித்துக்கொண்டே இருந்து, வருடக் கணக்கில் பழகி, 1997-ல் 37 வயதில் .372 சராசரியோடு 17 ஹோம் ரன் அடித்தார், தன் அடிகளால் அணிக்கு 119 ரன் சேர்த்துக் கொடுத்தார். 15 வருடம் ஜெயித்துக்கொண்டிருந்த ஒரு முறையை அந்த வயதில் திருத்திக்கொள்ள எத்தனை பேர் துணிவார்கள்?

இருவருக்கும் கடைசிவரை நல்ல பாசம். 1999-ல் பாஸ்டனில், இரண்டு லீகின் நட்சத்திரங்களும் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டம், சம்பிரதாயமான முதல் பந்தை எறிய வில்லியம்ஸ் வந்தார். வயதாகி, பார்வை மங்கி, தள்ளாடி நின்றார். கூட்டம் முழுக்க எழுந்து நிற்கிறது, க்வின் பக்கத்தில் நின்று அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். அந்த வீடியோ இன்னும் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள்.

'கேப்டன் வீடியோ' என்ற பெயர் எப்படி வந்தது?

1983-ல் மணிக்கட்டு உடைந்து, ஆறி, திரும்பி வந்தார். அடி சரியாக விழவில்லை. அணி வெளியூரில் இருந்தபோது வீட்டுக்குப் போன் போட்டு, டிவியில் வரும் ஆட்டத்தை வி.சி.ஆரில் பதிவு செய்து வைக்கும்படி மனைவி அலிஷியாவிடம் கேட்டார். ஊர் திரும்பியதும் டேப்பைப் போட்டு, தன் ஆட்டத்தை மட்டும் நிறுத்தி, ஓடவிட்டு, மறுபடி நிறுத்திப் பார்த்தார். தப்பு எங்கே என்று கண்ணுக்கே தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து போகிற ஊருக்கெல்லாம் வீடியோ கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். நல்ல அடிகளைத் தனி டேப்பில் சேர்த்து வைத்துக்கொள்வார். இன்றைக்கு எல்லா அணியிலும் இதற்கென்று ஒரு அறை, ஆட்கள், கணினிகள் இருக்கின்றன. அன்றைக்கு இவர் வீட்டுக்காரம்மா ரிமோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

.400-ஐத் தொட்டிருப்பாரா?

1994-ல் .394-ல் இருந்தபோது ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, சீசனே நின்றுபோனது. 419 முறைக்கு 165 ஹிட். அதே 419-ல் இன்னும் 3 ஹிட் இருந்திருந்தால் .400 தாண்டியிருக்கும். 1941-ல் டெட் வில்லியம்ஸ் அடித்த பிறகு யாரும் தொடாத எல்லை அது. எனக்கு இது இன்றும் ஆறாத வருத்தம்.

அவர் உலகக் கோப்பை மாதிரி எதுவும் ஜெயித்தாரா?

இல்லை. வேர்ல்டு சீரிஸ் இறுதிக்கு இரண்டு முறை போனார். 1984-ல் டெட்ராய்ட்டிடம் தோல்வி, 1998-ல் நியூயார்க் யாங்கீஸிடம் நான்குக்கு நான்கும் தோல்வி. அந்த நான்கு ஆட்டத்தில் இவர் மட்டும் 16-க்கு 8, அதாவது .500. வேறு அணிக்குப் போயிருந்தால் சம்பளமும் கூடியிருக்கும், சாம்பியன் அணிக்குக் கொடுக்கும் மோதிரமும் கிடைத்திருக்கலாம். 1987-ல் தவறான ஆலோசனையால் பணத்தை எல்லாம் இழந்து திவால் மனு கொடுத்த மனுஷர் அவர், பணத்தின் அருமை தெரியாதவர் இல்லை. அப்படியும் ஊரை விட்டுப் போகவில்லை.

3,000-வது ஹிட் கதையை எல்லாரும் சொல்கிறார்களே?

சொல்லத்தான் வேண்டும். 1999 ஆகஸ்ட் 6, கனடாவின் மான்ட்ரியால், அரங்கில் பெரிய கூட்டம் இல்லை. முதல் இன்னிங்ஸிலேயே பந்தைத் தட்டிவிட்டு முதல் பேஸுக்கு ஓடி நிற்கிறார். அங்கே அம்பயராக நின்றவர் கெர்வின் டான்லி, கல்லூரியில் இவரோடு ஒரே அணியில் ஆடியவர். டான்லி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு க்வினின் அம்மா வெண்டெல்லாவுக்குப் பிறந்தநாள், அவரும் களத்துக்கு வந்து மகனை அணைத்துக்கொண்டார். சரியாக 6 வருடம் முன்பு அதே ஆகஸ்ட் 6-ல்தான் 2,000-வது ஹிட்டும். இப்படியெல்லாம் கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

இவ்வளவு பெரிய ஆள் ஏன் கல்லூரி அணிக்குப் போனார்?

அதற்குத்தான் ஆசைப்பட்டார், அதுதான் பதில். பெரிய லீக் அணிகளில் பயிற்சியாளராகப் போக அவருக்கு வழி திறந்தே இருந்தது. ஆனால் 2001-ல் கடைசி சீசன் முடிவதற்குள்ளேயே கல்லூரி வேலை முடிவாகிவிட்டது. தான் படிக்கும்போது இருந்த அதே ஜிம் டீட்ஸ் அப்போதும் அங்கே பயிற்சியாளர், 31 வருடமாக. அவருக்குக் கீழே 2002-ல் சம்பளம் இல்லாத தன்னார்வ உதவியாளராக ஒரு வருடம் இருந்துவிட்டு, 2003-ல் பொறுப்பை எடுத்துக்கொண்டார். 3,141 ஹிட் அடித்தவர் கல்லூரியில் உதவியாளராக ஒரு வருடம் நிற்கிறார், அதுவும் தன் பெயர் வைத்த மைதானத்தில்! 1997-லேயே அதற்கு டோனி க்வின் ஸ்டேடியம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கல்லூரிப் பயிற்சியாளருக்கு அப்படி என்ன பெரிய வேலை?

பேட் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது அதில் ஒரு பங்குதான். ஆட்களைத் தேடிப் பிடிப்பதில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி மைதானங்களுக்குப் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பெற்றோரிடம் பேச வேண்டும், இதே பையன் நேராகத் தொழில்முறை அணிக்குப் போய்விடுவானோ என்று பயப்பட வேண்டும். அப்போதைய விதிப்படி முதல்நிலைக் கல்லூரி பேஸ்பால் அணி ஒன்றுக்கு மொத்தம் 11.7 உதவித்தொகைதான். ஆட்கள் 35 பேர். அதனால் ஒருவனுக்குப் பாதி, இன்னொருவனுக்குக் கால் பங்கு என்று பிரித்துக் கொடுக்கும் தலைவலி பயிற்சியாளருக்கு. மிச்சத்தை வீட்டில்தான் கட்ட வேண்டும், அதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டியதும் அவர்தான்.

பையன்கள் வகுப்பில் தேற வேண்டும், 56 ஆட்டமும் ஆட வேண்டும். நன்றாக ஆட ஆரம்பித்தவன் மூன்றாம் வருடம் முடிந்ததும் தொழில்முறைக்குப் போய்விடுவான். ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கட்ட வேண்டிய வீடு அது. 20 வருடம் தன் அடியை மட்டும் கவனித்துப் பழகியவருக்கு இது வேறு உலகம்.

ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கை உருவாக்கியவர் இவர்தானா?

இவர் மட்டும் என்று சொன்னால் தப்பு. பிட்சிங் பயிற்சியாளர் ரஸ்டி ஃபில்டருக்கும் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவருக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் கதை இந்த அணியின் கதைதான்.

ஸ்ட்ராஸ்பர்க் சான் டியேகோ பையன். பள்ளி முடித்தபோது எந்தத் தொழில்முறை அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. உடம்பு கனம், சோம்பல், கோபம் வேறு. கல்லூரிக்கு வந்த புதிதில் பயிற்சியில் மூச்சு வாங்கி நின்றுவிடுவார், அதற்குக் கிண்டல் பெயரும் வைத்தார்கள். எடையைக் குறைத்தார். முதல் வருடம் அவரை ஆட்டத்தின் கடைசியில் மட்டும் இறக்கி, அடுத்த வருடம்தான் தொடக்கப் பிட்சர் ஆக்கினார்கள். 2008 ஏப்ரலில் யூட்டா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 23 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். ஒரு ஆட்டத்துக்குத் தேவையே 27 அவுட்தான், அதில் 23 ஸ்ட்ரைக் அவுட்டாகவே விழுந்தன. 2009-ல் 13 வெற்றி, 1 தோல்வி, 109 இன்னிங்ஸில் 195 ஸ்ட்ரைக் அவுட். சொந்த மைதானத்தில் ஆடிய கடைசி ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. அந்த வருடத் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக வாஷிங்டன் எடுத்தது. 2019-ல் வேர்ல்டு சீரிஸின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

பள்ளியில் யாரும் தொடாத பையனுக்கு மூன்று வருடம் இடமும் பொறுமையும் கொடுத்தார்கள். க்வினின் பங்கு அதில்தான் என்று நினைக்கிறேன்.

பயிற்சியாளராக அவர் வெற்றி பெற்றார் என்று சொல்லலாமா?

கணக்கு இதோ: 363 வெற்றி, 363 தோல்வி. சரிபாதி. 2004-ல் கல்லூரி லீக் பட்டம், 2013-லும் 2014-லும் அந்த லீகின் தொடர் பட்டம், தேசியத் தொடருக்கு மூன்று முறை தகுதி.

'சுமார்தான்' என்று பலர் எழுதிவிட்டார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல ஆசிரியர்களாக மாட்டார்கள் என்ற பழைய வாதத்துக்கு இவரை உதாரணம் காட்டுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்குப் பேட்டிங் தானாக வந்த வரம் என்றால் அந்த வாதம் பொருந்தலாம். இவரோ ஒவ்வொரு நாளும் பேட்டிங் பயிற்சிக் கூண்டுக்குள் போய், ஸ்டாண்டில் பந்தை வைத்து வைத்து அடித்து, டேப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். எப்படிக் கற்றோம் என்று தெரிந்தவரால்தான் சொல்லிக்கொடுக்க முடியும். கலிபோர்னியாவில் பெரிய பணமும் பெயரும் உள்ள கல்லூரிகள் ஒன்றுக்கு நாலாக இருக்கும்போது, அந்த 11.7 உதவித்தொகையை வைத்துக்கொண்டு இந்த அணியை மூன்று முறை தேசியத் தொடருக்குக் கூட்டிப்போனது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அதிலும் கடைசி நான்கு வருடம் அவர் எந்த நிலைமையில் வேலை பார்த்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அவருக்கு என்ன நோய்? புகையிலைதான் காரணமா?

காதுக்கு முன்னால் கன்னத்தில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய், 2010-ல் கண்டுபிடித்தார்கள். அதே இடத்தில் முன்பும் கட்டிகளை அகற்றியிருந்தார்கள், அவை சாதாரணக் கட்டிகள். இளவயதிலிருந்தே ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே புகையிலை அடக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அன்றைய பேஸ்பாலில் பந்து, பேட் மாதிரி அதுவும் ஒரு சாமானாகத்தான் இருந்தது, பையன்கள் பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். அதனால்தான் நோய் வந்தது என்று க்வின் உறுதியாக நம்பினார், வெளிப்படையாகவும் சொன்னார். குறிப்பிட்ட அந்தச் சுரப்பிப் புற்றுக்கும் புகையிலைக்கும் நேரடித் தொடர்பை மருத்துவம் இன்னும் நிரூபிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாய்ப்புற்றுக்குப் புகையிலை காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அறுவை சிகிச்சை முகத்தின் நரம்பைத் தொட்டது. ஒரு பக்கம் அசையவில்லை. இந்த மனுஷரின் சிரிப்பு ஊர் முழுக்கப் பிரசித்தம், கிளப்ஹவுஸின் இந்தக் கோடியில் சிரித்தால் அந்தக் கோடியில் கேட்கும். அவர் சிரிக்க முடியாமல் மைதானத்துக்கு வந்து நின்றார். 2012-ல் இன்னொரு அறுவை, 14 மணி நேரம், நரம்பை எடுத்து வைத்து ஒட்டினார்கள். மறுபடி வந்தார். 2014 மார்ச்சில் மருத்துவ விடுப்பில் போனார். அவர் இல்லாமலே உதவியாளர் மார்க் மார்ட்டினெஸ் தலைமையில் பையன்கள் அந்த வருடப் பட்டத்தை ஜெயித்தார்கள். ஜூனில் க்வின் இறந்துவிட்டார்.

அவரிடம் பயின்ற அடிசன் ரீட் என்ற பிட்சர், செய்தி வந்ததும் தன்னிடம் இருந்த புகையிலை டப்பாக்களை எல்லாம் தூக்கிப் போட்டார். ஸ்ட்ராஸ்பர்க்கும் விட்டுவிடுவதாகச் சொன்னார். 2016-ல் வந்த ஒப்பந்தத்தில், பெரிய லீகுக்குப் புதிதாக வரும் ஆட்டக்காரர்கள் மைதானத்தில் புகையிலை அடக்கவே கூடாது என்று விதியே வந்துவிட்டது.

அவர் பெயர் இப்போது எங்கெல்லாம் இருக்கிறது?

2007-ல் கால் ரிப்கன் என்ற இன்னொரு பெரிய ஆட்டக்காரரோடு சேர்ந்து, பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம், வாக்களித்த 545 பேரில் 532 பேர் இவருக்குப் போட்டார்கள். பாட்ரெஸ் மைதானத்தில் வெண்கலச் சிலை நிற்கிறது, அவருடைய 19-ஆம் எண் சட்டையை அந்த அணியில் இனி யாரும் போட முடியாது. 2016-லிருந்து நேஷனல் லீகின் பேட்டிங் பட்டத்துக்கே அவர் பெயர்தான்.

மகனும் ஆடினாரா?

ஆடினார். டோனி க்வின் ஜூனியர், அதே கல்லூரியில், 2003-ல் அப்பாவின் முதல் அணியிலேயே. அப்பா பெரிய லீகில் முதல் ஹிட் அடித்தது 1982 ஜூலை 19, ஒரு டபிள். அன்றைக்கு எதிரணியில் ஆடிய, ஹிட் எண்ணிக்கையில் அப்போதே பெரும் சாதனையாளரான பீட் ரோஸ், ஒரே ராத்திரியில் என்னைப் பிடித்துவிடப் பார்க்கிறாயா என்று இவரைக் கேட்டாராம். மகனின் முதல் ஹிட்டும் டபிள், 2006 ஜூலை 19 அன்று.